எஸ்தர் ஆராய்ச்சிப் படிப்புக்கு மனுப் போட்டாள்

1

ஆம்பூரில் நம் சபையாருக்கும், தோல் பதனிடுகிற டேனரியில் என்னோடு நின்று வேலை செய்த தோஸ்துகளுக்கும் இந்தக் குறிப்பு. போன தடவை முழுக்கப் பனியைப் பற்றியே எழுதிவிட்டேன் என்று என் தம்பி குறைப்பட்டான். "பனி எப்படி இருக்கும்னு காலண்டர் படத்துலயே பாத்துக்கிறோம். வூட்டு விஷயம் எழுதுண்ணா" என்று எழுதியிருந்தான். ஆகவே இது வீட்டு விஷயம்.

எங்கள் கல்யாண நாளன்று எஸ்தர் பாயசத்துக்குச் சேமியா வறுத்துக்கொண்டிருந்தாள். நான் தபால் பெட்டியைத் திறந்து, பல்கலைக்கழகத்து உறையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தாள். "நேர்ல வரச் சொல்லியிருக்காங்க" என்றாள். அதற்குள் சேமியா கருகிவிட்டது. அன்றைக்குக் கருகிய பாயசம்தான் குடித்தோம். யாரும் குறை சொல்லவில்லை.

தம்பி கேட்பான் என்பதால் விளக்கிவிடுகிறேன். என் மனைவி எஸ்தர் மனுப் போட்டிருந்தது கலை வரலாற்றில் டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்கு. சிற்பத்தையும் ஓவியத்தையும் யார் செய்தார்கள், எதற்காகச் செய்தார்கள், பார்த்தவர்கள் அதை எப்படிப் பார்த்தார்கள் என்று ஆராய்கிற படிப்பு. நாங்கள் இருக்கிற மாண்ட்ரீல் நகரத்தில் பாதிப் பேர் பிரெஞ்சு, பாதிப் பேர் இங்கிலீஷ். இந்தப் படிப்பும் அப்படித்தான். ஒரு வகுப்பு இங்கிலீஷில் நடந்தால் அடுத்தது பிரெஞ்சில் நடக்கும். சேர வருகிறவர்கள் மூன்று பேராசிரியர்களுக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு பாஷையிலும் பதில் சொல்ல வேண்டும்.

இங்கிலீஷ் எஸ்தருக்குத் தண்ணீர் பட்ட பாடு. பிரெஞ்சை அகராதி வைத்துக்கொண்டு வாசித்துவிடுவாள். வாய் திறந்து பேசுவதுதான் வரவில்லை.

2

எங்கள் கல்யாணத்தின்போது ஊரில் பேசினது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. நான் எஸ்.எஸ்.எல்.சி. டேனரியில் சாயம் போடுகிற பகுதியில் வேலை. என்ன சோப்புப் போட்டாலும் கையில் வாசனை போகாது. எஸ்தர் பி.ஏ. சரித்திரம் படித்துவிட்டு, ராணிப்பேட்டையில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். அவள் அப்பா வேலூரில் ஆஸ்பத்திரிக் குமாஸ்தா. குடிக்காத பையன், ஞாயிறு ஆராதனை தவறாத பையன் என்று எங்கள் சபை ஐயர் சொன்னதை நம்பித்தான் அவர் பெண் கொடுத்தார். "பொண்ணுக்குப் படிப்பு ஜாஸ்தி, மாப்பிள்ளைக்குக் கம்மி" என்று பந்தியிலேயே என் காதில் விழுந்தது. சாம்பார் நன்றாக இருந்ததால் நான் எழுந்திருக்கவில்லை.

பெண் பார்க்கப் போனபோது அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"கல்யாணத்துக்கு அப்புறம் படிக்கணும்னு சொன்னா விடுவீங்களா?"

"விடறேன்" என்றேன். பி.எட். படிக்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணம் ஆன மறு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் என்னை வேலூர் கோட்டைக்குள் கூட்டிப்போனாள். உங்களில் பல பேருக்குத் தெரியும், அப்போது கோட்டைக் கோயிலில் சாமி இல்லை. பல தலைமுறையாகப் பூசை நின்றுபோய் வெறும் கட்டடமாக இருந்தது. தொல்பொருள் துறை வாட்ச்மேன் ஒருவர் மட்டும் வாசலில் உட்கார்ந்திருப்பார். யார் வேண்டுமானாலும் செருப்போடு போய்விட்டு வரலாம். எஸ்தர் சின்ன வயதிலிருந்தே அங்கே போய் உட்கார்ந்து படம் வரைவாளாம். கல்யாண மண்டபத்துக்குள் நின்றுகொண்டு என்னைப் பார்த்து, "படுங்க" என்றாள்.

"எங்க?"

"இங்கதான். தரையில. மேல பாக்கணும்னா படுத்தாத்தான் தெரியும்."

கல்யாணச் சட்டையோடு படுத்தேன். கூரையில் ஒரு பெரிய தாமரை. அதைச் சுற்றிக் கிளிகள், எல்லாம் தலைகீழாகத் தொங்குகின்றன. தூணில் குதிரைகள் முன்னங்காலைத் தூக்கி நிற்கின்றன. வேலூருக்கு எத்தனையோ தடவை வந்தவன் நான், இதைப் பார்த்ததில்லை. "நல்லா இருக்கு" என்றேன். "நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போறதுக்கா அவன் இவ்வளவு செதுக்கினான்?" என்று கேட்டாள். அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும், இது பி.எட்.டோடு நிற்காது என்று.

பிறகு அவளுடைய அக்கா, நர்ஸாக இங்கே வந்தவர், எங்களையும் வரவழைத்தார். நான் பெல்ட், கைப்பை செய்கிற தோல் தொழிற்சாலையில் சேர்ந்தேன். எஸ்தர் பகலில் நூலகத்தில் புத்தகம் அடுக்குகிற வேலை பார்த்துக்கொண்டு, சாயங்கால வகுப்பில் எம்.ஏ. முடித்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஊருக்கு வந்தோம் அல்லவா, அப்போது மறுபடி கோட்டைக்குப் போனோம். சாமி வந்துவிட்டிருந்தது. பூக்கடை, கற்பூரம், மணிச்சத்தம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். ஒரு அம்மா தூணில் இருந்த குதிரையின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எஸ்தர் அப்படியே நின்றுவிட்டாள்.

"அந்தக் கால்லதான் நான் வரையற அட்டையைச் சாய்ச்சு வப்பேன்" என்றாள் மெதுவாக. "கல்லு அதேதாங்க. நிக்கிற விதம்தான் மாறிப்போச்சு."

திரும்பி வருகிற விமானத்தில் ஆராய்ச்சிக்கு விஷயம் கிடைத்துவிட்டது என்றாள்.

3

மனுப் போடுவதே ஒரு பெரும்பாடு. இங்கே எல்லோருக்கும் குடும்பப் பெயர் என்று ஒன்று வேண்டும். நமக்கு ஏது? எஸ்தரின் டிகிரிச் சான்றிதழில் அவள் அப்பா பெயரின் முதல் எழுத்து. பாஸ்போர்ட்டில் என் பெயர். இங்கே வந்து இறங்கினபோது ஆபீசர் என் அப்பா பெயரைக் கடைசியில் போட்டுவிட்டார். பல்கலைக்கழகத்துப் பெண் டெலிபோனில், "இந்த மூன்று பெண்களில் மனுப் போட்டவர் யார்?" என்று கேட்டாளாம். மூன்றும் நானே என்று சத்தியக் கடிதம் எழுதி, வக்கீலிடம் முத்திரை வாங்கிக் கொடுத்தோம். என் அப்பா உயிரோடு இருந்திருந்தால், மருமகள் மாமனார் பெயரில் டாக்டர் ஆகப் போகிறாள் என்று டீக்கடையில் சொல்லித் தீர்த்திருப்பார்.

தொழிற்சாலையில் என் பக்கத்து மேஜையில் கரீம் பாய் வேலை செய்கிறார். மேல்விஷாரத்துக்காரர். அவர் என்னைச் சும்மா விடுவாரா?

"இன்னா தாவீது, உன் வூட்டம்மா டாக்டராய்ட்டா ஊசி போடுமா?"

"அது ஊசி டாக்டர் இல்ல பாய். கல்லு டாக்டர்."

"கல்லுக்கு இன்னா நோவு?"

"அதைத்தான் கண்டுபிடிக்கப் போறாங்க."

"நீ எஸ்.எஸ்.எல்.சி., அது அவ்ளோ பெரிய படிப்பு. அப்புறம் வூட்ல உன் பேச்சு எடுபடுமா?"

"இப்ப மட்டும் எடுபடுதா பாய்?"

அவர் சிரித்துவிட்டு, "துவா பண்றேன், கிடைச்சுடும்" என்றார்.

மாதம் ஒரு முறை கூடி ஆராதிக்கிற எங்கள் தமிழ் ஐக்கியத்தில் பெரியவர் ஒருவர் மட்டும் முகம் சுளித்தார். "கோயிலைப் பத்தி ஆராய்ச்சி பண்றதுக்கு நம்ம சபைப் பிள்ளைதானா கிடைச்சுது?" என்றார். நான் மரியாதையாகவே சொன்னேன். "ஐயா, வேலூர் ஆஸ்பத்திரியில நம்ம நர்ஸ்மாருங்க எந்த மதத்துக்காரர் வந்தாலும் நாடி பிடிச்சுப் பாக்கறாங்க. இவ கல்லைப் பாக்கறா. அவளுடைய ஜெபம் குறையல, அதை நான் தினமும் கூடவே உட்கார்ந்து கேக்கறேன்." அந்த ஜெபம் எந்தப் பாஷையில் நடந்துகொண்டிருக்கிறது என்று மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை.

4

அதை உங்களுக்குச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு ஆனதும் பாய் விரித்துக் குடும்ப ஜெபம். சின்னவளில் ஆரம்பித்து ஒவ்வொருவராக வாய்விட்டு ஜெபிப்போம், கடைசியில் நான் முடிப்பேன். பாயில் உட்கார்ந்தால் தமிழ்தான் என்பது என் கட்டளை. இங்கே நம்மைப் போல் வெளியிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்க வேண்டும். பெரியவள் லில்லியும் சின்னவள் ரூத்தும் தங்களுக்குள் பேசுவது பிரெஞ்சு, கனவில் பிதற்றுவதும் பிரெஞ்சு. லில்லியிடம் நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் வரும், பாதி புரியாமலே நான் தலையாட்டிவிட்டுப் போவேன். இப்படித் தொழிற்சாலை ஃபோர்மேனிடமும் தலையாட்டித்தான் ஒரு சனிக்கிழமை விடுமுறை போனது. பிள்ளைகள் வாயில் முழுசாகத் தமிழ் வருவது அந்தப் பாயில் மட்டும்தான்.

ஒரு நாள் எஸ்தர் முறை வந்தபோது அவள் பிரெஞ்சில் ஆரம்பித்தாள். ரூத் களுக்கென்று சிரித்தாள். ஆமென் வரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டேன்.

"இன்னா எஸ்தர் இது?"

"பேசிப் பழக ஆள் இல்லைங்க. கடையில நாலு வார்த்தை பேசினா பின்னால நிக்கறவங்க பெருமூச்சு விடறாங்க. லில்லிகிட்ட பேசினா கேலி பண்றா. ஆண்டவர் கேலி பண்ண மாட்டார், அவசரமும் படமாட்டார்."

"அதுக்காக?"

"அவருக்குப் பிரெஞ்சு தெரியாதா?"

நான் பயந்த இடத்திலிருந்து அடி வந்தது. "அப்ப நானும் பிரெஞ்சுலதான் பண்ணுவேன்" என்றாள் லில்லி.

அன்றைக்குப் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். சில நாள் யோசனையாகவே இருந்தேன். எஸ்தர் பேசிப் பழகாவிட்டால் அந்த மூன்று பேர் முன்னால் ஊமையாக உட்கார வேண்டும். அவளுக்காக விட்டுக்கொடுத்தால் பிள்ளைகளின் தமிழ் போய்விடும். கர்த்தரிடம் கேட்டேன். எனக்குக் கிடைத்த யோசனை இதுதான்.

"அம்மாவுக்கு மட்டும், நேர்ல போய்ப் பேசிட்டு வர்ற வரைக்கும், பிரெஞ்சு. நீங்க ரெண்டு பேரும் தமிழ்."

"அநியாயம்" என்றாள் லில்லி.

"அநியாயம்தான். அம்மா பரீட்சைக்குப் போறாங்க, நீ போகல. ஆமென் சொன்ன பிறகு அம்மா விட்ட தப்பை நீ திருத்து. உன் தமிழை அம்மா திருத்துவாங்க."

லில்லிக்கு வாத்தியார் வேலை பிடித்துப்போனது. "மா, நேத்துச் சொன்ன தப்பையே இன்னிக்கும் சொல்றே. கேட்டுக் கேட்டு ஆண்டவருக்கே அலுத்துப் போயிருக்கும்" என்பாள். எஸ்தரும் கெட்டிக்காரி. பேராசிரியர்கள் கேட்கப்போவது தூணையும் சிற்பத்தையும் பற்றி என்பதால் அந்த வார்த்தைகளையெல்லாம் ஜெபத்துக்குள் கொண்டுவந்துவிட்டாள். ஒரு நாள் குதிரைகளுக்காக ஸ்தோத்திரம், மறுநாள் தாமரைக்காக, அதற்கு மறுநாள் கிளிகளுக்காக. யாளிக்காக நன்றி செலுத்துகிற கிறிஸ்தவக் குடும்பம் உலகத்தில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். உளி கொண்டு செதுக்கின பெயர் தெரியாத மனுஷர்களுக்காகவும் ஜெபித்தாள். அதை லில்லி எனக்குத் தமிழில் சொன்னபோது, நான் பாயை விட்டு எழுந்திருக்க நேரமாயிற்று.

5

நேர்முகத்தன்று நான் லீவு போட்டுவிட்டு அவளோடு போனேன். அவள் காஞ்சிபுரம் புடவை கட்டி, மேலே பெரிய கம்பளிக் கோட்டு, காலில் பனிக்குப் போடுகிற பூட்ஸ். பஸ்ஸிலிருந்து இறங்கினதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "குளிருங்க" என்றாள். "ஆமா குளிர்தான்" என்றேன்.

அந்த அறையின் கதவில் ஒரு கண்ணாடி. எதிரே பெஞ்சில் உட்கார்ந்தால் உள்ளே இருப்பவர்கள் பக்கவாட்டில் தெரிவார்கள், சத்தம் கேட்காது. நடுவில் தலை நரைத்த ஒரு அம்மா, ஒரு பக்கம் தாடிக்காரர், இன்னொரு பக்கம் ஒல்லியாக ஒருவர். முதலில் இங்கிலீஷ் என்று எஸ்தரின் கைகளைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். வகுப்பில் பாடம் நடத்துகிற மாதிரி கைகள் பறந்தன. தாடிக்காரர் சிரித்துக்கூட விட்டார். எனக்குத் தைரியம் வந்தது.

பிறகு கைகள் மடிக்கு வந்தன. ஒன்றோடொன்று கோத்துக்கொண்டன. எஸ்தர் நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். உதடு அசைந்தது.

ஆரம்பிக்குமுன் சின்னதாக ஜெபிக்கிறாள் என்று நினைத்து நானும் தலை குனிந்தேன். நிமிர்ந்து பார்த்தால் இன்னும் மூடித்தான் இருக்கிறது. பேசிக்கொண்டே இருக்கிறாள். அப்போதுதான் விளங்கியது. அவள் பிரெஞ்சு பேசிப் பழகினதெல்லாம் பாயில். கண்ணைத் திறந்துகொண்டு அவளுக்கு அந்தப் பாஷை வராது. லில்லி எவ்வளவோ திருத்தினாள், இதை மட்டும் நாங்கள் ஒருவரும் கவனிக்கவில்லை. எப்படிக் கவனிப்போம், அந்த நேரத்தில் நாங்களும்தானே கண்ணை மூடியிருந்தோம்.

தாடிக்காரர் அந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். ஒல்லிக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். எனக்குக் கதவைத் தட்டிவிடலாமா என்றிருந்தது. தட்டி என்னவென்று சொல்வது? அந்த வழியாக வந்த ஆபீஸ் பெண் என் முகத்தைப் பார்த்துத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று கை காட்டினேன்.

வெளியே வந்தவள் விடுவிடென்று நடந்து பஸ் ஏறினாள்.

"கண்ணை மூடிக்கிட்டே பேசிட்டேங்க" என்றாள் பிறகு.

"பாத்தேன்."

"பாத்துட்டுச் சும்மாவா இருந்தீங்க?"

"கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு நான் என்னத்தைப் பண்ணறது?"

"முடிக்கிறப்ப ஆமென் வாய் வரைக்கும் வந்துடுச்சு."

"சொல்லிட்டியா?"

"முழுங்கிட்டேன்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. தாடிக்காரர் கேட்ட கேள்வியைச் சொன்னாள். நீங்கள் அந்த மதத்தைச் சேர்ந்தவர் இல்லையே, கோயிலை எப்படி ஆராய்வீர்கள் என்றாராம். "எனக்கு வயசு பத்து இருக்கும்போது அங்க சாமி இல்ல, கல்லு மட்டும்தான். அப்ப நான் அதுல அட்டையைச் சாய்ச்சு வச்சேன். இப்ப சாமி வந்தாச்சு, அதே கல்லை ஜனங்க தொட்டுக் கும்பிடறாங்க. ஒரே கல்லை ரெண்டு விதமா பாத்தவ நான். அது எப்படி மாறுதுன்னுதான் எழுதப் போறேன்னு சொன்னேன்" என்றாள்.

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"அந்த நரைச்ச அம்மா, ஏன் கண்ணை மூடறீங்கன்னு கேட்டாங்க. வேற என்ன சொல்ல? பிரெஞ்சை நான் ஜெபத்துலதான் கத்துக்கிட்டேன்னு உண்மையைச் சொன்னேன். மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. பைத்தியம்னு நினைச்சிருப்பாங்க. போச்சுங்க."

"போகல" என்றேன். தைரியம் சொல்வதற்காகச் சொல்லவில்லை. கண்ணாடி வழியாக நான் அவள் முகத்தைவிட அந்த மூன்று பேர் முகத்தைத்தான் அதிகம் பார்த்தேன். பேனாவைக் கீழே வைத்த ஒல்லிக்காரர் கடைசி வரைக்கும் அதை மறுபடி எடுக்கவில்லை. ஒரு மனுஷன் எழுதுவதை விட்டுவிட்டுக் கேட்கிறான் என்றால் அவனுக்குக் காது இங்கே இருக்கிறது என்று அர்த்தம்.

6

பனி உருகித் தெருவெல்லாம் சேறாகிற பருவத்தில் பதில் வந்தது. விடிவதற்கு முன்னே வேலைக்குப் போகிறவன் நான், ஆகவே மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடுவேன். உறையை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த இரண்டு பேரும் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

"விளக்குக்கு நேரா பிடிச்சாத் தெரியும்ப்பா" என்றாள் ரூத்.

"அம்மா பேருக்கு வந்தது."

"அப்பா, நீங்க பாஸா ஃபெயிலான்னு மட்டும் பாருங்க" என்றாள் லில்லி, தமிழில்.

"அம்மா பேருக்கு வந்தது" என்றேன் மறுபடி.

எஸ்தர் வந்தாள். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் படித்தாள். "எடுத்துக்கிட்டாங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். லில்லி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ரூத் ஏன் என்று தெரியாமலே குதித்தாள். நான் நின்ற இடத்திலேயே ஸ்தோத்திரம் சொன்னேன்.

எஸ்தர் இரண்டாம் பக்கத்தைப் படித்தாள். அவள் முகம் மாறியது.

"ரெண்டாவது வருஷம் அங்கயே இருந்து வேலை செய்யணுமாம். வேலூர்ல. ஒரு குளிர்காலம் பூரா."

இந்தக் குறிப்புகளைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும், வந்த நாளிலிருந்து ஊருக்கு வருகிறேன், ஊருக்கு வருகிறேன் என்று எழுதிக்கொண்டிருப்பவன் நான்தான். இப்போது வரப்போவது அவள். நான் இங்கே இருந்தால்தான் வீட்டு வாடகை நடக்கும், பிள்ளைகள் படிப்பு நடக்கும்.

"வேணாம்னு எழுதிடறேங்க" என்றாள். "இந்த ரெண்டையும் வச்சிக்கிட்டு நீங்க என்ன பண்ணுவீங்க?"

"சோறு வடிக்கத் தெரியும். குழம்புக்குக் கரீம் பாய்கிட்ட பக்குவம் கேட்டுக்கிறேன்."

"ரூத்துக்கு ரெட்டைச் சடை போடணும் தினமும்."

"நாலு வார் வச்சு பெல்ட் பின்றவன் நான். சடையில மூணுதானே."

ரூத் உடனே தலையைக் காட்டிக்கொண்டு வந்து நின்றாள். பின்னினேன். கெட்டியாகத்தான் வந்தது. "அப்பா, கண்ணு இழுக்குது" என்றாள். கொஞ்சம் தளர்த்தினேன். எஸ்தர் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எழுதாத" என்றேன். "போய்ட்டு வா."

மறுநாள் வேலைக்குப் போனதும் ஃபோர்மேனைத் தேடிப் போனேன். எஸ்தர் வேலூருக்குப் போவதற்கு இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கிறது என்றாலும், இந்த மாதிரி விஷயத்தைக் காலத்தோடு சொல்லிவைப்பது நல்லது. என்னிடம் இருந்த பிரெஞ்சையெல்லாம் ஒன்று சேர்த்து, அடுத்த வருஷம் குளிர்காலத்தில் காலையில் ஒரு மணி நேரம் தாமதமாக வர உத்தரவு வேண்டும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்றேன். நான் தலையாட்டாமல் பேசுவதைப் பார்த்து அவர் கையிலிருந்த தோலைக் கீழே வைத்தார்.

ஏன் என்று கேட்டார்.

வீட்டிலிருந்து ஒருவர் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்ய இந்தியா போகிறார் என்றேன்.

"சந்தோஷம். மகளா?" என்றார்.

"மகள் இல்லை. என் மனைவி" என்றேன்.